பிரதமரிடம் கேள்வி கேட்ட பரங்கிமலை ஆசிரியர்

சென்னை சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா பெயரில் கல்லூரி மாணவர் விடுதி ஒன்று இருக்கிறது. நம் ஊர்ப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் படிக்கப் போன பிள்ளைகளில் பலருக்கு அந்தப் பெயர் தெரியும். அது யாருடைய பெயர் என்று கேட்டால்தான் தயங்குவார்கள். அயோத்திதாசரைப் பற்றியும் இரட்டைமலை சீனிவாசனைப் பற்றியும் இப்போது ஓரளவு பேசத் தொடங்கியிருக்கிறோம். ராஜாவைப் பற்றிப் பேச்சு வந்தால், மூஞ்சேயோடு ஒப்பந்தம் போட்டவர் என்ற ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறோம். அந்த வரி பொய்யில்லை. ஆனால் அந்த மனிதர் 1920-லிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மூன்று அவைகளில் எழுந்து நின்று ஆட்சியில் இருந்தவர்களைக் கேள்வி கேட்டவர். கேட்கப்பட்டவர்களில் அவருடைய சொந்தக் கட்சியின் அமைச்சர்களும் உண்டு, சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜியும் உண்டு. இந்த வாரம் அந்த ராஜாவைப் பார்ப்போம்.

அவர் பிறந்தது 1883 ஜூன் 17. ஊர் பரங்கிமலை. ராயப்பேட்டை வெஸ்லி மிஷன் பள்ளியில் படித்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளை பள்ளித் திண்ணையைத் தாண்டுவதே அரிதாக இருந்த காலத்தில் பட்டதாரியாகி, பள்ளி ஆசிரியரானார். பாடநூல்களும் எழுதினார். 1916-ல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளராகப் பொறுப்பேற்றார். வகுப்பறையிலிருந்து பொதுவாழ்வுக்கு வந்த அவருக்கு, கேள்வி கேட்பது தொழிலாகவே பழகியிருந்தது. ஆசிரியர் ஒரு கேள்வியைக் கேட்கும்போது பதில் என்னவென்று அவருக்குத் தெரியும். எழுந்து நிற்கிற பிள்ளை என்ன சொல்கிறது, எங்கே மழுப்புகிறது என்பதைத்தான் அவர் கவனிப்பார். சட்டசபைக் கேள்வியும் பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான்.

இங்கே மாணவர்களுக்காகக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவையில் கேள்வி கேட்கும் உரிமை இந்த நாட்டில் மெல்ல மெல்லத்தான் வந்தது. 1861-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சட்டசபைகளில் உறுப்பினர்கள் அரசைக் கேள்வி கேட்கவே முடியாது. முன்னால் வைக்கப்பட்ட சட்டத்தைப் பற்றிப் பேசலாம், அவ்வளவுதான். 1892-ம் ஆண்டுச் சட்டம் முன்கூட்டி எழுதிக் கொடுத்துக் கேள்வி கேட்க இடம் தந்தது. ஆனால் அரசு தரப்பில் ஒரு பதிலை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டால் கதை முடிந்தது. அதன்மேல் இன்னொரு கேள்வி கேட்கக் கூடாது. 1909-ல் வந்த சீர்திருத்தத்துக்குப் பிறகு, கேள்வி கேட்டவர் மட்டும் துணைக்கேள்வி கேட்கலாம் என்றானது. 1919-ம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி வந்த விதிகளில்தான், ஒருவர் கேட்ட கேள்வியின் மேல் அவையில் உள்ள எந்த உறுப்பினரும் துணைக்கேள்வி கேட்கலாம் என்ற நிலை வந்தது.

இந்தத் துணைக்கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் கேள்விக்கு அதிகாரிகள் பதில் எழுதித் தந்துவிடுவார்கள். அமைச்சர் அதைப் பார்த்து வாசிப்பார். துணைக்கேள்விக்கு அந்த இடத்திலேயே, எழுந்து நின்று, சொந்த வாயால் பதில் சொல்ல வேண்டும். சொன்னது அச்சில் ஏறும். தெரியாது என்றாலும் அச்சில் ஏறும். அடுத்த கூட்டத்தில் இன்னொருவர் அந்த அச்சுப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கலாம்.

நம் மக்கள் திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எடுத்துக்கொண்டு போகிறோம். பட்டா, சுடுகாட்டுப் பாதை, குடிநீர் என்று எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு பேருந்து ஏறுகிறோம். மனு கொடுத்தவர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அவையில் கேட்ட கேள்விக்கு, கேட்கப்பட்டவர் பதில் சொல்லியாக வேண்டும். அரசாங்கத்துக்கு மனு எழுதியே தலைமுறைகளைக் கழித்த ஒரு சமூகத்திலிருந்து, பதில் கேட்டு எழுந்து நின்ற முதல் சிலரில் ராஜா ஒருவர். அந்த வேறுபாடு அன்று எவ்வளவு பெரியதாகத் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1920 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு அமைந்த சென்னைச் சட்டசபையில் ராஜா உறுப்பினரானார். நீதிக்கட்சி ஆட்சி. சபையில் அந்தக் கட்சியின் துணைத் தலைவர் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது. கூட்டம் நடந்தது செயின்ட் ஜார்ஜ் கோட்டையில். இன்றைக்கும் நம் சட்டமன்றம் கூடுகிற அதே கோட்டை. ஆனால் அன்றைய ஆட்சி முழு ஆட்சி இல்லை. இரட்டை ஆட்சி என்பார்கள். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை அமைச்சர்கள் கையில். போலீஸ், நிலவருவாய் போன்றவை ஆளுநரும் அவருடைய நிர்வாகக் குழுவும் வைத்துக்கொண்டவை. சேரிப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுத்தால் அமைச்சரைக் கேட்கலாம். அதே பிள்ளையின் அப்பனுக்கு மனைக்கட்டு இல்லை என்றால் கேட்க வேண்டிய ஆள் வேறு. முதன்மை அமைச்சர் என்று ஒருவர் இருந்தாலும், எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. கேள்வி கேட்கிறவருக்கு இதைவிடச் சங்கடம் வேறில்லை. இவரைக் கேட்டால் அவரைக் காட்டுவார், அவரைக் கேட்டால் இவரைக் காட்டுவார். நம் ஊரில் வட்டாட்சியர் அலுவலகமும் வட்டார வளர்ச்சி அலுவலகமும் ஒன்றையொன்று கைகாட்டுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு விளங்கும்.

அந்த அவையில் ராஜா செய்த ஒரு காரியம் இன்றும் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது. 1922 ஜனவரி 20 அன்று அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசாங்கப் பதிவேடுகளில் பறையர், பஞ்சமர் என்று எழுதுவதை விட்டுவிட்டு, தமிழ்ப் பகுதியில் ஆதிதிராவிடர் என்றும் தெலுங்குப் பகுதியில் ஆதி ஆந்திரர் என்றும் எழுத வேண்டும் என்பது தீர்மானம். அது நிறைவேறியது. அந்த ஆண்டு மார்ச் 25-ல் அரசாணையாகவும் வந்தது. பிள்ளைகளின் சாதிச் சான்றிதழில் இருக்கும் சொல், ஆதிதிராவிடர் நலத்துறை என்ற பெயர்ப்பலகையில் இருக்கும் சொல், அந்த அவையில் எழுந்து கேட்டு வாங்கிய சொல். பெயரை மாற்றினால் இழிவு போய்விடுமா என்று இன்றைய இளைஞர்கள் கேட்பது நியாயம்தான். போகவில்லை என்பதை நாம் தினமும் பார்க்கிறோம். ஆனால் தன்னை என்ன பெயரில் எழுத வேண்டும் என்று அரசாங்கத்துக்குச் சொல்லும் உரிமை தனக்கு இருக்கிறது என்று ஒரு சமூகம் அவைக்குள் சொன்னது சிறிய செய்தி இல்லை.

கடினமான கேள்வி அவருடைய சொந்தக் கட்சியிடமே எழுந்தது. 1921-ல் பனகல் அரசர் அமைச்சரவை, அரசு வேலைகளில் பிராமணர் அல்லாதாருக்குப் பங்கு தரும் வகுப்புவாரி ஆணையைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டுச் சமூகநீதி வரலாற்றில் நாம் பெருமையோடு சொல்லும் ஆணை அது. சொல்லவும் வேண்டும். ஆனால் அதில் ஒடுக்கப்பட்டோருக்கென்று தனிப் பங்கு எதுவும் ஒதுக்கப்படவில்லை. ராஜா குழு சேர்த்துக்கொண்டு போய்க் கேட்டார். பயன் இல்லை.

அதே ஆண்டில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெருமளவில் வேலைநிறுத்தத்தில் சேராததால் பகை மூண்டு, புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடும் நடந்தது. அந்த நேரத்தில் நீதிக்கட்சியின் பெரிய தலைவர்கள், அரசாங்கம் ஆதிதிராவிடர்களுக்குச் சலுகை காட்டுவதுதான் காரணம் என்று பேசினார்கள். அவர்களைப் புளியந்தோப்பிலிருந்தே அப்புறப்படுத்த வேண்டும் என்ற பேச்சும் அந்தப் பக்கத்திலிருந்தே வந்தது. வீடு எரிந்தவனையே ஊரைவிட்டுக் கிளப்பு என்பது நமக்குப் புதிய நியாயம் இல்லை. அதை ராஜாவின் கட்சிக்காரர்களே சொன்னார்கள் என்பதுதான் வலி.

கட்சியின் துணைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கட்சியின் ஆட்சியைக் கேட்பது எப்படி? பேசாமல் இருந்திருந்தால் நாற்காலி நிலைத்திருக்கும். 1923-ல் ராஜா நீதிக்கட்சியை விட்டு வெளியே வந்தார். வந்த பிறகும் சபையில் தொடர்ந்தார். 1925-ல் ஒடுக்கப்பட்டோர் நிலையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி வெளியிட்டார். 1921-ல் அவர் கேட்ட பங்கு 1927-ம் ஆண்டு வகுப்புவாரி ஆணையில் வந்தது. 12 இடங்களில் 1 இடம் ஒடுக்கப்பட்டோருக்கு. கேட்ட கேள்விக்குப் பதில் வர ஆறு ஆண்டுகள். வந்தபோது ராஜா அந்தச் சபையில் இல்லை, டெல்லியில் இருந்தார்.

டெல்லிக் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1927 முதல் 1937 வரை மத்திய சட்டசபையில் ஒடுக்கப்பட்டோர் பிரதிநிதியாக அரசால் நியமிக்கப்பட்டு அமர்ந்திருந்தார். ஏறத்தாழ 145 பேர் கொண்ட அவை. அங்கே ஆட்சியின் தலைவர் வைஸ்ராய். அவர் அவைக்கு வந்து பதில் சொல்ல வேண்டியதில்லை. அவை ஒரு முடிவைத் தோற்கடித்தாலும் அவர் கையெழுத்துப் போட்டு நிறைவேற்றிக்கொள்ளலாம். கேட்கலாம், ஆனால் கேட்கப்படுபவரை அசைக்க முடியாது. சைமன் கமிஷனோடு சேர்ந்து பணியாற்றிய இந்தியக் குழுவிலும் ராஜா இடம்பெற்றார். வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் போனார்கள். ராஜா அழைக்கப்படவில்லை.

1932 தொடக்கத்தில் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் அந்தப் பின்னணியில் வந்தது. ஒடுக்கப்பட்டோருக்கு இடங்கள் ஒதுக்கலாம், ஆனால் எல்லோரும் சேர்ந்து வாக்களிக்கும் கூட்டுத் தொகுதியாக இருக்கட்டும் என்பது அதன் சாரம். ஒடுக்கப்பட்டோர் மட்டும் வாக்களித்துத் தங்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதியைக் கேட்டுக்கொண்டிருந்த அம்பேத்கருக்கு இது முட்டுக்கட்டையானது. ராஜா எடுத்த நிலை தவறானது என்றே நாம் கருதுகிறோம். அவர் அப்படி நினைக்கக் காரணம் உண்டு. கிராமத்தில் சாதி இந்துக்களை நம்பி வாழும் மக்கள் தேர்தலில் அவர்களிடமிருந்து பிரிந்து நின்றால் தாங்குவார்களா என்ற அச்சம் அன்று பலருக்கும் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தனி வாக்காளர் தொகுதி போனது. கூட்டுத் தொகுதியில் 148 இடங்கள் வந்தன. அவற்றில் 30 சென்னை மாகாணத்துக்கு. கையெழுத்திட்டவர்கள் வரிசையில் அம்பேத்கர், சீனிவாசன் பெயர்களோடு எம்.சி. ராஜாவின் பெயர் இருக்கிறது. ராஜகோபாலாச்சாரியின் பெயரும் இருக்கிறது.

அடுத்த நாள் பம்பாயில் மாளவியா தலைமையில் நடந்த கூட்டத்தில் சாதி இந்துத் தலைவர்கள் ஒரு தீர்மானம் போட்டார்கள். இனிப் பிறப்பால் யாரும் தீண்டத்தகாதவர் இல்லை, கிணறு, பள்ளி, சாலை எல்லாம் எல்லோருக்கும் பொது, சுயராஜ்ய நாடாளுமன்றம் வந்தால் முதல் வேலைகளில் ஒன்றாக இதைச் சட்டமாக்குவோம் என்று உறுதி சொன்னார்கள். கோயில் நுழைவுக்காகவும் அப்போது பெரும் பேச்சு எழுந்தது. சென்னைச் சட்டசபையில் டாக்டர் சுப்பராயன் கோயில் நுழைவுத் தீர்மானம் கொண்டுவந்தார். மத்திய சட்டசபையில் ரங்க ஐயர் மசோதா கொண்டுவந்தார். அதற்கு ஆதரவு திரட்ட ராஜாஜியே 1933-ல் டெல்லியில் தங்கி உறுப்பினர்களைப் பார்த்துப் பேசினார். 1934-ல் தேர்தல் நெருங்கியதும் காங்கிரஸின் வேகம் தணிந்தது. ஆகஸ்டில் ரங்க ஐயர், காங்கிரஸ் கைவிட்டுவிட்டது என்று குற்றம் சாட்டி மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதே அவையில் ராஜாவும் இருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1937-ல் புதிய சட்டப்படி தேர்தல் நடந்தது. சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் காங்கிரஸ் 159-ஐ வென்றது. ஒடுக்கப்பட்டோருக்கான 30 தனி இடங்களில் 26 காங்கிரஸுக்குப் போனது. காங்கிரஸ் பதவியேற்கத் தாமதித்த மூன்றரை மாதங்கள் கூர்ம வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் ஒரு இடைக்கால அமைச்சரவை இருந்தது. அதில் ராஜா வளர்ச்சித் துறை அமைச்சராக இருந்தார். ஜூலையில் ராஜாஜி பதவியேற்றார். அன்று மாகாண அரசின் தலைவரைப் பிரதமர் என்றே அழைத்தார்கள்.

இந்த இடம்தான் முக்கியம். ராஜா பார்த்த மூன்றாவது ஆட்சித் தலைமை இது, முதல் இரண்டிலிருந்து அடியோடு வேறானது. இரட்டை ஆட்சி போய்விட்டது. துறைகள் எல்லாம் அமைச்சர்களிடம். பிரதமர் மக்கள் வாக்கால் வந்தவர், அவையின் பெரும்பான்மை இருக்கும்வரைதான் பதவி. ஆளுநரைக் காட்டித் தப்பிக்க அவருக்கு வழியில்லை. கேள்விக்குப் பதில் சொல்லும் கடமையும், சொன்னதைச் செய்து காட்டும் அதிகாரமும் ஒரே ஆளிடம் சேர்ந்தன. அந்த ஆளும் அறிவிலும் வாதத்திலும் மாகாணத்திலேயே யாருக்கும் சளைக்காதவர். மதுவிலக்குக்கும் விவசாயக் கடன் நிவாரணத்துக்கும் சட்டம் போட்டு, சொன்னதைச் செய்பவர் என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தவர்.

1938-ல் சட்டமன்றம் கூடியது அரசினர் தோட்டத்தில் இருந்த விருந்து மண்டபத்தில். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என்று தலைவர்கள் மறைந்தபோது மக்கள் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்திய மண்டபம் அதுதான். பிற்காலத்தில் அதற்கு ராஜாஜி மண்டபம் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வருவதற்கு முன்பு, அந்த மண்டபத்தில்தான் ராஜாஜியை நோக்கி ராஜா எழுந்து நின்றார்.

அவர் கொண்டுவந்தவை இரண்டு மசோதாக்கள். ஒன்று, பொதுச் சாலை, கிணறு, போக்குவரத்து, அரசு வேலை ஆகியவற்றில் சாதியைக் காரணம் காட்டித் தடுப்பதற்கு எதிரானது. அரசு அதற்கு ஒத்துழைத்தது. அது 1938-ம் ஆண்டின் 21-வது சட்டமாக நிறைவேறியது. தனி உறுப்பினர் ஒருவரின் மசோதா சட்டமாவது அன்றும் அரிது, இன்றும் அரிது. ஒடுக்கப்பட்ட சமூகத்து உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த மசோதா, தீண்டாமையின் மேல் கைவைக்கும் சட்டமானது. இதற்கு ராஜாஜிக்கும் அந்த அவைக்கும் உரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று கோயில் நுழைவு மசோதா. மாகாணம் முழுவதும் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறக்கச் சட்டவழி செய்வது. அந்த வழி ஏன் தேவைப்பட்டது என்றால், அன்றைய சட்டம் வழக்கத்தைப் பாதுகாத்தது. ஒரு கோயிலின் அறங்காவலர் மனம் மாறித் திறந்துவிட நினைத்தாலும், வழக்கத்தை மீறினார் என்று யாராவது நீதிமன்றம் போக முடியும். அந்தப் பூட்டை எடுக்கச் சட்டமன்றத்தால்தான் முடியும். ஆகஸ்டில் மசோதாவைப் பொறுக்குக் குழுவுக்கு அனுப்பும்படி ராஜா கேட்டார். உடனே நிறைவேற்றுங்கள் என்றுகூட இல்லை. ஒரு குழு உட்கார்ந்து பார்க்கட்டும் என்ற அளவுக்குத்தான்.

அந்த மசோதா உண்மையில் ஒரு கேள்வி. 1933-ல் அதிகாரம் இல்லாதபோது டெல்லிக்கு வந்து எந்தக் காரியத்துக்காக ஆதரவு கேட்டீர்களோ, அந்தக் காரியத்தை அதிகாரம் கையில் இருக்கும் 1938-ல் செய்வீர்களா மாட்டீர்களா? தீர்மானம் கொண்டுவந்த அதே சுப்பராயன் இப்போது உங்கள் அமைச்சரவையில் சட்ட அமைச்சராக உட்கார்ந்திருக்கிறார். பூனாவில் என்னோடு கையெழுத்துப் போட்டவர் நீங்கள். வேறு யாரைக் கேட்பது?

பிரதமர் எதிர்த்தார். மசோதாவை வற்புறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கோயில் நுழைவு வேண்டாம் என்பது அவர் வாதம் இல்லை. மாகாணம் முழுவதற்கும் ஒரேயடியாகச் செய்தால் எதிர்ப்பு கிளம்பும், படிப்படியாகப் போவோம், திருவிதாங்கூரில் 1936-லேயே கோயில்கள் திறக்கப்பட்டுவிட்டதால் அதை ஒட்டிய மலபாரில் தொடங்குவோம் என்பது அவர் வழி. ஆட்சி நடத்துபவர் ஒருவரின் கணக்கு அது. அதில் நேர்மையில்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் வாசலில் நிற்பவனிடம் படிப்படியாக வா என்று சொல்லும்போது, எத்தனை படி, எத்தனை நாள் என்று அவன் கேட்கத்தான் செய்வான்.

வாக்கெடுப்பு நடந்தது. பெரிய வித்தியாசத்தில் ராஜா தோற்றார். தோல்வியைவிட அவரைச் சுட்டது வேறு. ஒடுக்கப்பட்டோருக்காக ஒதுக்கிய இடங்களில் காங்கிரஸ் சார்பில் வென்று வந்தவர்கள், கட்சிக் கட்டுப்பாட்டின்படி, ஒடுக்கப்பட்டோருக்குக் கோயிலைத் திறக்கச் சொன்ன மசோதாவுக்கு எதிராக வாக்களித்தார்கள். அவர்களைத் திட்ட நமக்கு மனம் வரவில்லை. கட்சி நிறுத்தி, கட்சியின் பெயரில், ஊரின் வாக்குகளால் வென்றவர்கள். கொறடாவை மீறினால் அடுத்த தேர்தலில் ஊர் திரும்பிக்கூடப் பார்க்காது. கேள்வி கேட்கும் உரிமை சட்டப்படி அவர்களுக்கு ராஜாவுக்கு இருந்த அளவே இருந்தது. கேட்டுவிட்டு வீடு திரும்பும் தைரியம்தான் இல்லை. கூட்டுத் தொகுதி வேண்டும் என்று 1932-ல் வாதாடிய ராஜா, அந்தத் தொகுதி என்ன மாதிரியான உறுப்பினரை உண்டாக்கும் என்பதை ஆறு ஆண்டுகள் கழித்துத் தன் கண்ணால் பார்த்தார்.

தமிழ்நாட்டில் இன்றைக்கு 234 தொகுதிகளில் 44 தாழ்த்தப்பட்டோருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. அந்த 46 பேரும் கேள்வி நேரத்தில் நம் விடுதிகளைப் பற்றி, பஞ்சமி நிலத்தைப் பற்றி, வன்கொடுமை வழக்குகளைப் பற்றி எத்தனை முறை எழுந்தார்கள், முதலமைச்சரை நோக்கி எத்தனை துணைக்கேள்வி கேட்டார்கள் என்று கல்லூரி மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து கணக்கெடுக்கலாம். அவைக் குறிப்புகள் அச்சில் இருக்கின்றன. தொகுதிக்காரர்கள் கணக்குப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் உறுப்பினருக்கும் எழுந்து நிற்க ஒரு காரணம் கிடைக்கும்.

ராஜா அவையோடு விடவில்லை. காந்திக்குக் கடிதம் எழுதினார். தனி இடங்களில் வந்த உறுப்பினர்கள் கட்சி சொன்னபடி வாக்களித்ததை எடுத்துச் சொல்லி, பூனாவில் கொடுத்த வாக்கு இப்படித்தான் காப்பாற்றப்படுமா என்பது பற்றி முறையிட்டார். காந்தியின் பதில், ராஜாஜியை நம்புங்கள், அவர் தம்மால் ஆனதைச் செய்கிறார் என்ற போக்கில் இருந்தது. ராஜா திரும்பவும் எழுதினார். இந்தக் கடிதங்களை அம்பேத்கர் பிறகு தம் நூலில் எடுத்துக்காட்டி, காங்கிரஸ் தீண்டத்தகாதாருக்குச் செய்தது என்ன என்ற தம் வழக்குக்குச் சான்றாக வைத்தார். பத்தாண்டுகளுக்கு முன் எதிரெதிரே நின்ற இருவரில் ஒருவருடைய கடிதம் மற்றவருக்கு ஆவணமானது.

கேள்வி தோற்றாலும் அது அவைக் குறிப்பில் நிற்கிறது, பதில் சொன்னவரையும் அது விடாது. படிப்படியாக என்று சொன்ன பிரதமர் முதல் படியைக் காட்ட வேண்டியிருந்தது. 1938-லேயே மலபார் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு நுழைந்தார். உடனே வழக்கு, எதிர்ப்பு, சனாதனிகளின் கூச்சல். கோயிலைத் திறந்தவர்களைச் சட்டத்தின் பிடியிலிருந்து காப்பாற்ற ராஜாஜி அரசு அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. மதுரை நுழைவு நடந்ததற்கு ராஜாவின் மசோதாதான் காரணம் என்று சொன்னால் அது மிகை. அங்கே உழைத்தவர்கள் வேறு பலர். ஆனால் அறங்காவலர் திறந்தாலும் சட்டம் குறுக்கே நிற்கும், அந்தத் தடையைச் சட்டமன்றம்தான் நீக்க வேண்டும் என்று முந்தைய ஆகஸ்டில் ராஜா சொன்னது, அடுத்த ஜூலையில் எல்லோர் கண்ணெதிரிலும் நடந்துவிட்டது.

1939 அக்டோபரில் உலகப் போர் காரணமாகக் காங்கிரஸ் அமைச்சரவை விலகியது. ஆளுநர் ஆட்சி வந்தது. சட்டமன்றம் கூடவில்லை. கேட்கும் ஆளும் இருந்தார், கேள்வியும் இருந்தது, பதில் சொல்லப் பிரதமர் என்று ஒருவர் இல்லை. 1942-ல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது அம்பேத்கரும் ராஜாவும் சேர்ந்தே போய் அவரைச் சந்தித்தார்கள். புதிய அரசியலமைப்பில் ஒடுக்கப்பட்டோருக்குப் பாதுகாப்பு என்ன என்று கேட்டார்கள். திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

1943 ஆகஸ்ட் 20 அன்று ராஜா காலமானார். வயது 60. சென்னை மாகாணச் சட்டமன்றம் திரும்பக் கூடியது 1946-ல். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சிக் காலத்தில், 1947-ம் ஆண்டின் 5-வது சட்டமாகக் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் வந்தது. ஒரு மாவட்டத்துக்கு மட்டும் என்றில்லாமல், 1938-ல் ராஜா கேட்டதைப் போல, மாகாணம் முழுவதற்கும்.